நியூட்டனும் பாயிலும் ரசவாதத்தில் என்ன தேடினார்கள்?

கயல்_க:
ரசவாதிகள் ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்துத் தோற்றார்கள், அப்புறம் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வந்தார், வேதியியல் பிறந்தது. பாடப்புத்தகம் இப்படி இரண்டே வரியில் கதையை முடித்துவிடுகிறது. ஆனால் நியூட்டன் ரசவாதம் பற்றி ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள் எழுதி வைத்திருக்கிறாராம். ராபர்ட் பாயிலும் உலோகம் மாறும் என்று நம்பியவர்தானாம். இவ்வளவு கெட்டிக்காரர்கள் எப்படி ஏமாந்தார்கள்?

உலைக்காரன்:
நான் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் உலைப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் ஈயத்தை வைத்து உலையில் காய்ச்சுவோம். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப்போய்விடும். கடைசி ஈயம் விலகும் நேரத்தில் உருகிய துளியின் மேல் வானவில் நிறங்கள் ஓடும், சட்டென்று ஒரு பளிச். எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு வெள்ளி மணி உட்கார்ந்திருக்கும். ஈயத்தில் முன்பே வெள்ளி கலந்திருந்தது என்று நமக்குத் தெரியும். தெரியாதவர் கண்ணுக்கு? ஈயம் வெந்து வெள்ளியாகிவிட்டது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்த நீரில் இரும்பைப் போட்டால் செம்பு ஏறுவதும் இப்படித்தான்.

இதற்கேற்ற கொள்கையும் அவர்களிடம் இருந்தது. கந்தகமும் பாதரசமும் வெவ்வேறு அளவில் கூடித்தான் எல்லா உலோகமும் உண்டாகிறது என்று ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள் சொல்கின்றன. அது சரியென்றால் அளவை மாற்றினால் போதுமே! கொள்கை தப்பு, அவ்வளவுதான். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அவர்களுடைய பரிபாஷைதான் (மறைமொழி) நம்மைக் குழப்புகிறது. சாம்பல்நிற ஓநாய் அரசனை விழுங்குகிறது, ஓநாயைத் தீயிலிட்டால் அரசன் மீண்டு வருகிறான் என்று எழுதினால் யாருக்குப் புரியும்? அரசன் என்பது தங்கம். ஓநாய் என்பது அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனி சல்பைடு. மாசுள்ள தங்கத்தை அதோடு உருக்கினால் செம்பையும் வெள்ளியையும் கந்தகம் பிடித்துக்கொள்ளும், தங்கம் ஆன்டிமனியோடு அடியில் தங்கும். பிறகு காற்றுபடக் காய்ச்சி ஆன்டிமனியைப் போக்கினால் சுத்தத் தங்கம். ஒன்றாந்தரமான செய்முறை!

சந்தேகி:
அதற்காக அவர்களைப் புனிதர்களாக்கிவிட வேண்டாம். கிண்டும் கோலுக்குள் தங்கத்தை ஒளித்து, மெழுகால் அடைத்து ஊரை ஏமாற்றியவர்களும் அந்தக் கூட்டம்தானே?

உலைக்காரன்:
இருந்தார்கள், யார் இல்லை என்றது? இங்கிலாந்தில் ரசவாதத்தால் தங்கத்தை அதிகமாக்குவதைத் தடைசெய்து 1404இல் சட்டமே போட்டார்கள். அது 1689இல் நீங்கியது. நீக்கப் பாடுபட்டவர்களில் நம் பாயிலும் ஒருவர்!

ஆனால் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்டை மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. 1669 வாக்கில் அவர் தங்கம் தேடியது மூத்திரத்தில். வாளி வாளியாகச் சேர்த்து, சுண்டக் காய்ச்சி, மிஞ்சிய வண்டலைக் கடுஞ்சூட்டில் வடித்தார். (அக்கம்பக்கத்தார் பாவம்.) தங்கம் வரவில்லை, மெழுகுபோல ஒரு பொருள் வந்து இருட்டில் மினுங்கியது. அதுதான் பாஸ்பரஸ். செய்முறையை ரகசியமாக வைத்திருந்து, பிறகு காசுக்கு விற்றார். பாயில் 1680இல் தானே செய்து பார்த்துவிட்டார்.

கயல், உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1772இல் லவாய்சியே அதே பாஸ்பரஸை எரித்து, எரிந்தபின் எடை கூடுவதைக் கண்டார். எரிவது என்றால் காற்றிலிருந்து எதையோ சேர்த்துக்கொள்வது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது. 1789இல் அவர் போட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் தங்கம், பாதரசம், கந்தகம், பாஸ்பரஸ் நாலும் உண்டு. தங்கம் இனிமேல் கூட்டுப்பொருள் இல்லை. பிரிக்க முடியாத ஒன்றைக் கலந்து செய்வது எப்படி? ரசவாதத்தின் கதவு அடைபட்டது அந்தப் பட்டியலில்தான். உலை, மூசை (உருக்கும் கிண்ணம்), வாலை (வடிகலம்) எல்லாம் அப்படியே வேதியியலுக்கு வந்துவிட்டன.

கயல்_க:
அப்போது ஈயம் தங்கமாகவே ஆகாதா?

அணுக்குஞ்சு:
வேதிவினையால் ஆகாது, அணுக்கருவைத் தொட்டால் ஆகும். ஈயத்தில் 82 புரோட்டான்கள், தங்கத்தில் 79. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதிவேகமாக ஓடவிடும் ஈய அணுக்கருக்கள் ஒன்றோடொன்று மோதாமல் மிக அருகில் கடந்து போகும்போது சில, மூன்று புரோட்டான்களை இழந்து தங்கமாகின்றன. 2015 முதல் 2018 வரை அப்படி உண்டான மொத்தத் தங்கம் 29 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதுவும் கண்ணிமைப்பதற்குள் எதிலாவது மோதிச் சிதறிவிடும்.

சந்தேகி:
நகை செய்யக் கொஞ்சம் பற்றாது.