கேமன் காருக்குக் கம்பெனி ஸ்போர்ட் எக்ஸாஸ்டை வீட்டிலேயே மாட்டலாமா?

திருநகர்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். 2014 மாடல் போர்ஷே கேமன், 2.7 லிட்டர் எஞ்சின், பி.டி.கே. என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். முந்தைய உரிமையாளர் சென்னை நீலாங்கரையில் இருந்தவர்; வண்டி சில ஆண்டுகள் கடற்கரையை ஒட்டியே நின்றிருக்கிறது.

இந்த மாடலுக்குப் போர்ஷே நிறுவனமே விருப்பத் தேர்வாகக் கொடுத்த ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் ஒன்று, இதே தலைமுறை வண்டியிலிருந்து கழற்றியது, எனக்குக் கிடைத்திருக்கிறது. சைலன்சர், பின்பக்கம் வெளியே தெரியும் இரட்டைக் குழாய் முனை, வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) செல்லும் ஹோஸ்கள், அதைத் திறந்து மூடும் மின்சார சோலனாய்டு வால்வு, வயரிங், கன்சோலில் பொருத்தும் சுவிட்ச் எல்லாம் சேர்ந்தே வந்துள்ளன. சீட்டுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு, நகரத்துக்குள் அதன் குரல் காதில் விழாமலேயே ஓட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதே சமயம், வெளிச்சந்தையில் கிடைக்கும் காது கிழியும் சைலன்சர்களில் எனக்கு விருப்பம் இல்லை. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிக்கொள்ளும் வால்வு இருப்பதாலேயே கம்பெனிப் பொருளைத் தேடிப் பிடித்தேன்.

டீலரிடம் கொண்டுபோக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் வரத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு. பிரேக் பேட், ஆயில், பிளக் எல்லாம் நானே மாற்றிக்கொள்கிறேன். வீட்டுப் போர்டிகோவில் பேவர் கல் பதித்திருக்கிறது. அங்கேயே வண்டியைத் தூக்கி இந்த வேலையைச் செய்ய முடியுமா, பின் பம்பரைக் கழற்றியே ஆகவேண்டுமா, துருப்பிடித்த போல்ட்டுகளை எப்படிக் கையாள்வது, மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் ஏதும் செய்ய வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கப்பலூர் பட்டறை எழுதியது:

தம்பி, இரும்பு வேலையைப் பொறுத்தவரை பிரேக் வேலை செய்து பழகிய கைக்கு இது எட்டாததல்ல. இந்த சைலன்சர், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வருவது; ஆகவே ஆக்சிஜன் சென்சார்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பக்கக் குழாய்களையும் இணைக்கும் கிளாம்ப்புகள், சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட், அவ்வளவுதான் கழற்ற வேண்டியது. வேலையின் கஷ்டம் எண்ணிக்கையில் இல்லை, வண்டியைத் தூக்குவதிலும் பழைய போல்ட்டுகளிலும் இருக்கிறது.

முதலில் தூக்குவதைச் சொல்கிறேன். இந்த வண்டியில் ஜாக்கி வைக்கக் கம்பெனி குறித்துக் கொடுத்த இடமும் ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். அங்கே ஜாக்கி இருக்கும்போது ஸ்டாண்டை வைக்க முடியாது. அதனால் பலர் அடிப்பக்கத்தில் கண்ட இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துத் தகட்டை நசுக்கிவிடுகிறார்கள். பேவர் கல் மீது ஸ்டாண்டு வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அடியில் மணல்தான் இருக்கிறது, ஒரு கல் இறங்கினால் வண்டி சாயும், அப்போது நீங்கள் அதன் கீழே படுத்திருப்பீர்கள். எனவே வீட்டில் செய்வதாக இருந்தால் கனமான மரப்பலகையால் செய்த படிகளில் பின் சக்கரங்களை ரிவர்ஸில் ஏற்றி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சமமான சிமென்ட் தரையில் மட்டும் செய்யுங்கள். அதைவிடச் சிறந்த வழி, இங்கே சிட்கோ பக்கமோ கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கமோ இரண்டு தூண் லிப்ட் வைத்திருக்கும் ஏதாவது ஒரு பட்டறையில் ஒரு பகல் வாடகைக்குப் பேசிக்கொண்டு, வேலையை நீங்களே செய்வது. நின்றுகொண்டு செய்யும் வேலைக்கும் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் கடைசியில் ஃபிட்டிங்கில் தெரியும்.

அடுத்தது துரு. மதுரையில் ஓடிய வண்டி என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் குறைவு. நீலாங்கரையில் நின்ற வண்டியின் கிளாம்ப் போல்ட்டுகளை நம்ப முடியாது. முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயிலை ஒவ்வொரு மறையிலும் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் கம்பி பிரஷ்ஷால் மறையைத் தேய்த்து, மறுபடி ஆயில் விட்டு, பிறகு ஆறு முனை சாக்கெட்டைத்தான் போட வேண்டும்; பன்னிரண்டு முனை சாக்கெட் மழுங்கிய தலையில் வழுக்கிவிடும். நேராகக் கழற்றப் பார்க்காமல் முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்புங்கள். துருவின் பிடி ‘டிக்’ என்ற சிறு சத்தத்தோடு விடுபடுவது கையில் தெரியும். அதன்பின் கால் சுற்று கழற்றுவது, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்குவது, ஆயில் விடுவது என்று நிதானமாக வெளியே கொண்டுவர வேண்டும். கேஸ் டார்ச்சை எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே வயரிங்கும் பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கின்றன. எதற்கும் மசியாத நட்டை நட் ஸ்பிளிட்டர் வைத்து உடைத்துவிடுவது நல்லது. எப்படியும் பழைய கிளாம்ப்பையும் நட்டையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதாக வரவழைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

பம்பரைப் பற்றிக் கேட்டீர்கள். கழற்றாமல் செய்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் சைலன்சர் கனமானது. அதைக் குறுகலான சந்தில் சாய்த்து இறக்கும்போது பெயின்ட்டில் கீறல் விழ ஒரு நொடி போதும். பம்பரைக் கழற்றி, போர்வை விரித்த கட்டிலில் வைத்துவிட்டுச் செய்வதையே நான் சொல்வேன். சைலன்சரை இறக்கவும் ஏற்றவும் கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

மாட்டும்போது மறைகளில், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் காப்பர் அல்லது நிக்கல் ஆன்டி-சீஸ் பசையை லேசாகத் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வெல்டிங் வைத்தது போல் நின்றுவிடும். அதனால் ஏர் கன் வேண்டவே வேண்டாம். எல்லாக் கிளாம்ப்புகளையும் விரலால் மட்டும் இறுக்கி, சைலன்சரை உட்காரவைத்து, பம்பரை மாட்டிப் பார்த்து, குழாய் முனை நடுவில் வந்த பிறகே எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பக்கமாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள அளவுக்கு. ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்சர் மேல் பட்ட கைரேகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் முதல் சூட்டிலேயே கறையாக வெந்து ஒட்டிவிடும்.

அண்ணாநகர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

கப்பலூர் அண்ணன் இரும்பு வேலையை முழுமையாகச் சொல்லிவிட்டார். மின்சாரப் பகுதியையும் வேக்குவத்தையும் நான் சொல்கிறேன். என் கருத்தில், இந்தப் பகுதிக்கு ஏற்பாடு செய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது.

சுவிட்சைக் கன்சோலில் பொருத்தி வயரை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வண்டிக்கு ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் இருக்கிறது என்று கண்ட்ரோல் யூனிட்டில் கோடிங் செய்ய வேண்டும். அதற்குப் போர்ஷேயின் பிவிஸ் டெஸ்டர் தேவை, வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் பிழைக் குறியீட்டைப் படிக்குமே தவிர இதைச் செய்யாது. டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரை மதுரைக்கு வரவழைப்பதா, அல்லது அடுத்த சர்வீஸுக்குச் சென்னை போகும்போது செய்துகொள்வதா என்பதை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

சைலன்சரின் வால்வை அசைக்கும் வேக்குவம் ஆக்சுவேட்டரைத் தரையில் வைத்தே சோதிக்கலாம். கையால் அழுத்தும் வேக்குவம் பம்ப் ஒன்றை அதன் நிப்பிளில் செருகி இழுத்தால், உள்ளே இருக்கும் வால்வின் தண்டு முழுதாக நகர வேண்டும். பம்ப்பின் முள் சில நிமிடங்களாவது இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். தண்டு பாதியில் நின்றால் கரி பிடித்து இறுகியிருக்கிறது. பழைய சைலன்சரில் இந்த இரண்டுமே வரக்கூடியவை. வேக்குவம் கொடுக்கும்போது வால்வு திறக்கிறதா, மூடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சத்தம் மாறவில்லை என்ற பிரச்சினை வந்தால் கோளாறு ஹோஸிலா, சோலனாய்டிலா என்று பிரித்தறிய அது உதவும். ஒருவழி வால்வு இருந்தால் அதன் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வரைபடத்தோடு ஒப்பிட்டே மாட்டுங்கள். ஹோஸ் சூடான குழாயைத் தொடாமல் போக வேண்டும். நம் ஊரில் எலித் தொல்லை உண்டு, அதனால் வெளியே தெரியும் இடங்களில் மேலே உறை போட்டுவிடுவது நல்லது.

பேட்டரி முன்பக்க டிக்கியில் இருக்கிறது. வயரிங்கைத் தொடும் முன் நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு முன் மூடியைச் சாத்திவிடாதீர்கள், அதன் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. கதவுக் கண்ணாடிகளையும் முன்னதாகவே சற்று இறக்கி வையுங்கள். இந்த வண்டியின் கதவுக்குச் சட்டம் கிடையாது. திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி வழிவிட வேண்டும், கரண்ட் இல்லாவிட்டால் இறங்காது.

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி மாசு விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் வரக்கூடும்.

தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு என்று செய்த பொருள் என்பது உங்கள் பக்கம் இருக்கும் வலுவான வாதம். ஆனால் வாதம் வாயில் இருந்தால் போதாது. சைலன்சரில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து, வாங்கிய ரசீதோடு வண்டியிலேயே வையுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் மாட்டுவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தை விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் கண்டுபிடித்தால், எக்ஸாஸ்டுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இழுத்தடிப்பார்கள்.

இன்னொன்றையும் மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. ராஜாஜி மருத்துவமனை வாசலிலும் மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டும்போதும் வால்வு மூடியே இருக்கட்டும்.

திருநகர்க்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. லிப்டை வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கோடிங்கிற்கு ஆள் உறுதியான பிறகே தேதி குறிப்பேன். இன்சூரன்ஸுக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன். கப்பலூர் அண்ணனிடம் ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். குழாய் முனைக்கும் பம்பருக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? முதல் ஸ்டார்ட்டில் கசிவை எப்படிப் பார்ப்பது?

கப்பலூர் பட்டறை எழுதியது:

தம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு, சூடு 400 டிகிரி ஏறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். முனை சைலன்சரின் ஓரத்தில் இருப்பதால் அந்த நீட்சி பெரும்பாலும் அங்கே வந்து சேரும். எஞ்சின் மவுன்ட்டின் ஆட்டத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நிலையில் சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் தாராளமாக நுழைந்து வர வேண்டும். மேல்பக்கம் இன்னும் சற்றுக் கூடுதலாக இருந்தால் தவறில்லை, சூடு மேலே ஏறிப் பம்பரைத்தான் முதலில் தாக்கும்.

கசிவுக்கு, வண்டி சூடாகும் முன்பே, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத் துணியால் குழாய் முனைகளைச் சில விநாடி அடைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கிளாம்ப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசிந்தால் நுரை கிளம்பும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. பிறகு ரிங் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, முழுதாக ஆறவிட்டு, கிளாம்ப்புகளின் இறுக்கத்தை மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அந்த இடத்தைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும், மேலும் இறுக்கினால் சரியாகாது. லிப்டுக்கு நாள் முடிவானதும் சொல்லுங்கள். சைலன்சரைப் பிடிக்கக் கூட ஒரு ஆளாக நான் வந்து நிற்கிறேன்.