குண்டு எறிதல் வீடியோ: புவியீர்ப்பு முடுக்கம் குறைவாக வருகிறது, உதவி தேவை

தேனி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். எறிபொருள் இயக்கம் என்றாலே சோர்ந்துவிடும் பிள்ளைகள், குண்டு எறிதலை வீடியோ எடுத்து டிராக்கர் மென்பொருளில் (வீடியோவில் பொருள் நகர்வதைப் பிரேம் பிரேமாக அளப்பது) அளக்கலாம் என்றதும் மைதானத்துக்கு ஓடினார்கள். ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² வர வேண்டிய இடத்தில் 8.1 தான் வருகிறது. இரண்டு வாரமாக இப்படித்தான்.

4 கிலோ குண்டு, அதனால் காற்றுத்தடை காரணமாக இருக்காது. ஆண்ட்ராய்டு போன், நொடிக்கு 30 பிரேம், முக்காலியில் 6 மீட்டர் தள்ளி. மென்பொருளுக்கு நீளத்தைக் காட்ட வைக்கும் ஒரு மீட்டர் அளவுகோலை, குண்டு படாமலிருக்க அதன் பாதையிலிருந்து போன் பக்கமாக ஒரு மீட்டர் முன்னால் நட்டோம். வேறு போனில் எடுத்தோம், அப்புறம் ஒவ்வொரு பிரேமாகக் கையால் குறித்தோம். மாறவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த வகுப்பு. இந்தக் குறைவு அளவுகோல் நின்ற இடத்தாலா, பிரேம் வேகத்தாலா?