மேலே குழாய்க் கிணறு அடித்தார்கள், எங்கள் ஊற்றுப் பீலி வற்றுகிறது. யாரிடம் போவது?

தோட்டத்துப் பிள்ளை:
ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டம். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு விடுதிக்குக் குழாய்க் கிணறு அடித்து நாலு மாசம். முன்பு ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் அரை நிமிஷத்தில் வாளி நிறையும். இப்போது அம்மா குடத்தை வைத்துவிட்டுப் போய் விறகு பொறுக்கி வந்தாலும் கழுத்து வரைக்கும்தான் நிறைந்திருக்கிறது. நிர்வாகத்தில் கேட்டால், ஆடி மாசம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பண்டாரவளை அக்கா:
தம்பி, முதலில் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். உமா ஓயா நீர்த்திட்டத்துக்கு மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் பீறிட்ட பிறகு இந்தப் பக்கம் எத்தனையோ கிணறு வற்றியது, வீட்டுச் சுவர் வெடித்தது. எங்கள் கிணறும் போனது. விசாரிக்க வந்தவர்கள் முன்பு எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று கேட்டபோது காட்ட எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

மண்ணும் பாறையும்:
நிர்வாகம் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊவா மாகாணத்துக்குப் பெரிய மழை ஐப்பசிக்குப் பிறகுதான், ஆடியில் ஊற்று குறையும். ஆனால் நம் மலை யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மாதிரி இல்லை, இது கடும்பாறை. உக்கிய மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும், அது சரிவில் கசிந்து வரும் இடம்தான் உங்கள் பீலி. குழாய் அதே வெடிப்பைத் தொட்டிருந்தால் பீலி வற்றும், தொடாவிட்டால் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் இரண்டு மூன்று நாள் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். மழை இல்லாமலே பீலி தேறினால் அதுதான் சாட்சி.

வெலிமடை விவசாயி:
கேட்டால் நிறுத்துவார்களா? நிலத்தடி நீரைக் கவனிக்கும் அரச நீர்வளச் சபைக்கு 1964லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் நிலைமை இதுதான். 2000இல் கொண்டுவந்த தேசிய நீர்க் கொள்கையைத் தண்ணீருக்கு வரி வருகிறது என்று எதிர்த்தோம், அது கிடப்பில் போனது. அந்தப் பயம் நியாயம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் எங்கள் ஊற்றுகளுக்குக் காவல் கிடைத்ததாகத் தெரியவில்லை, மோட்டார் வாங்க வசதி உள்ளவன் இறைக்கிறான். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992இலிருந்து கம்பனிகள் கையில் இருக்கிறது. அதனால் நிர்வாகத்தோடு நிற்காமல், லயத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்துப் பிரதேச செயலாளருக்கும் நீர்வளச் சபைக்கும் கொடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
சரி அண்ணா, அக்கா. விடிய ஐந்து மணிக்கு, யாரும் குடம் வைக்க முன்னம், தங்கச்சி வாளி வைத்து நேரம் எழுதப்போகிறாள். கையெழுத்து நான் வாங்குகிறேன்.