மூடிய பள்ளிக்கூடத்தில் பேய்ப்படம் எடுத்த அனுபவம்

சேரன்மாதேவிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் எடுத்த சின்ன பட்ஜெட் பேய்ப்படம் அது. லொகேஷன் சவுண்டு, அதாவது படப்பிடிப்பு இடத்திலேயே ஒலிப்பதிவு செய்கிற வேலை, நான்தான் பார்த்தேன். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் அங்கே கேட்டதையும் பார்த்ததையும் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. 1820இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு மிஷன் பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின. இப்போது பிள்ளைகள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட, ஓட்டு வகுப்பறைகள் பல சும்மா கிடக்கின்றன. செட் போடக் காசில்லாத இயக்குநருக்கு வேறென்ன வேண்டும்? நீள வராந்தா, தேக்கு உத்தரம், காரை பெயர்ந்த சுவர் எல்லாம் தயாராக இருந்தது.

முதல் நாள் ராத்திரி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். வசனங்களுக்கு நடுவில் ஒட்டுவதற்கு அது வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் மூச்சுச் சத்தம். குறட்டை மாதிரி, இழுத்து இழுத்து. மைக்கை மேலே திருப்பினால் கூடியது. உற்றுக் கேட்டால் ஒரு மூச்சு இல்லை, இரண்டு மூன்று. திடீரென்று ஓட்டுக்கு மேலிருந்து ஓர் அலறல். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

வாட்ச்மேன் பெரியவர் வந்து உத்தரத்தில் டார்ச் அடித்தார். "சாக்குருவிக் குஞ்சுலா தம்பி. பசிக்குச் சீறுது." வெள்ளை முகத்தோடு மூன்று குஞ்சுகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. சாக்குருவி என்றால் கூகைதான். மற்ற ஆந்தைகள் மாதிரி அது கூவாது, அலறும். தரையில் எலி மயிரும் எலும்பும் கலந்த கக்கல் உருண்டைகள் கிடந்தன. அந்தச் சத்தத்தை இசை எதுவும் சேர்க்காமல் அப்படியே படத்தில் வைத்தோம். தியேட்டரில் ஜனங்கள் உண்மையிலேயே பயந்த இடம் அதுதான்.

ஆனால் கதையில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. எல்லாமே நடுராத்திரி, வெள்ளைச் சேலை, கடைசியில் மந்திரவாதி வந்து விரட்டுவது. எங்கள் ஊரில் ராத்திரிக்குப் பயப்படுகிற அளவு உச்சிப்பொழுதுக்கும் பயப்படுவோம். வெயில் தலைக்கு நேராக நிற்கும்போது மாடன் சாமி பீடத்தைத் தாண்டிப் போக யோசிப்பார்கள்.

கதையில் பேயாக வருவது அந்தப் பள்ளியில் அநியாயமாகச் செத்துப்போன ஒரு சிறுமி. எங்களுக்குச் சமைத்துப் போட வந்தவர் முன்பு அதே பள்ளியில் சத்துணவு ஆயாவாக இருந்தவர். கிளைமாக்ஸ் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இயக்குநரிடம் நேராகவே கேட்டார்: "பிள்ளைய ஏன் தம்பி விரட்டுதிய? ஒரு பீடத்தப் போட்டு வருசத்துக்கு ஒருக்கா பொங்கல் வச்சா அது பாட்டுக்கு இருக்கும்லா."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அநியாயமாகச் செத்தவர்களைத் துரத்துகிற மண் இல்லை இது. பீடம் போட்டு, கொடை என்கிற கோயில் விழா எடுத்து, அவர்கள் செத்த கதையையே வில்லுப்பாட்டாக விடிய விடியப் பாடுவோம். மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டைபோட்டு மாண்ட முத்துப்பட்டன்தான் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்கிற சாமி. செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களைக் கட்டியவன் என்பதால் இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை.

கிராபிக்ஸுக்கும் காசில்லை, சரி என்று இயக்குநர் கிளைமாக்ஸையே மாற்றினார். வேப்பமரத்தடியில் செங்கல் வைத்துப் பீடம் எழுப்பி, சுண்ணாம்பும் காவியும் பூசினோம். உச்சி வெயிலில்தான் எடுத்தோம். சிறுமியின் அம்மாவாக நடித்தவர் பொங்கலும் பொரிகடலையும் படைத்து, பக்கத்தில் சிலேட்டும் பலப்பமும் வைத்தார். அந்தச் சிலேட்டு ஆயாவின் யோசனை. கட் சொன்ன பிறகும் யாரும் பேசவில்லை. ஆயா மட்டும் முன்னால் வந்து குலவையிட்டுவிட்டுப் போனார். அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் இடத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். பீடத்தை இடிக்க உள்ளூரில் இரண்டு பேரைக் கூலிக்குக் கூப்பிட்டோம். வந்து பார்த்தவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். "படத்துக்காகக் கட்டினதுதானே அண்ணாச்சி" என்று உதவி இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார்.

"அதுக்கென்ன, படைச்சாச்சுலா" என்று சொல்லிவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார்கள்.