ஒக்கிக்கு அப்புறம் நம் ஊர் ஓட்டல்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தக்கலைப் பையன்

ஒக்கிப் புயல் நம் குமரி மாவட்டத்தை எப்படி அடித்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தக்கலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டல். புயலில் பாதி ஓடு பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மறுநாளே சரிக்கட்டிவிட்டோம். சிலிண்டர் இரண்டு இருந்தது, அரிசியும் உளுந்தும் நனையவில்லை. ஆனால் கரண்ட் இல்லையே. கிரைண்டர் ஓடாது, மோட்டார் ஓடாது. மாவும் தண்ணீரும் இல்லாமல் எதைத் திறப்பது? அம்மாதான் பின்னால் விளையில் கிடந்த ஆட்டுரலை உருட்டி வரச் சொன்னார். அம்மாவும் சித்தியும் மாறி மாறி ஆட்டினார்கள். நானும் அப்பாவும் கிணற்றில் வாளி போட்டு இறைத்தோம். நாலாம் நாள் கடை திறந்தோம், இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும். தேங்காய்க்குத்தான் அப்போது பஞ்சமில்லையே, தோப்பெல்லாம் தரையில் கிடந்தது.

அஞ்சாம் நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். மெழுகுவர்த்தியை அணைக்கப் போகிறேன், ஐந்து பேர் வந்தார்கள். வெளி மாவட்டத்தில் இருந்து கம்பம் நட வந்த மின்வாரியத்துக்காரர்கள். சேலம் பக்கத்துப் பேச்சு. முழங்கால் வரை சேறு. "தம்பி, ஆளுக்கு ரெண்டு தோசை கிடைச்சாப் போதும்" என்றார் ஒருவர்.

மாவு இருந்தது. காலைக் கடைக்கு என்று அம்மா கை கொப்புளிக்க ஆட்டி வைத்த மாவு. நான் "தீர்ந்துபோச்சு அண்ணே" என்றேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பானையில் இருந்து தண்ணீர் மோந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருவர் மஞ்சள் ஹெல்மெட்டை பெஞ்சில் மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தார். அதற்குள் நான் மாவுச் சட்டியைத் திறந்து வைத்து உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி தம்பி, கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்து அப்பா காலையில் சைக்கிளில் தேடிப் போனார். குளச்சல் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் தெருவில் கம்பம் நட்டது அவர்கள்தான்.

குமரிமுனை அக்கா

தம்பி, உனக்கு அப்போது என்ன வயசு இருந்திருக்கும். அந்த மாவு உன் அம்மா கையில் வந்த கொப்புளம். அதை விட்டுக்கொடுக்க மனசு வராதது எனக்குப் புரிகிறது.

நான் சுனாமியைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. ஐயப்ப சாமிமார் வந்து குவியும் மாசம். கன்னியாகுமரியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு வருஷச் சம்பாத்தியமே அந்த இரண்டு மாசம்தான். கடல் உள்வாங்கியதையும், விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். எங்கள் கடை உயரத்தில் இருந்ததால் சுவர்கூட நனையவில்லை. அதனால் நாங்கள் தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம்.

எங்களுடையது மீன் சாப்பாட்டுக் கடை. கடையும் ஆளும் பாத்திரமும் இருந்தது, மீன் தின்னத்தான் ஆள் இல்லை. மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் அத்தனை உயிர் போன கடல், அந்த மீனை எப்படி வாயில் வைப்பது என்று ஊரே பேசியது. யாரைக் குறை சொல்ல? எனக்கே குமட்டியது.

ஒரு நாள் மாமனார் நெய்மீன் வாங்கி வந்து வாசலில் அடுப்பை வைத்துப் பொரித்தார். வாசம் தெரு முழுக்கப் போனது. ஒரு குடும்பம் நின்றது. அந்த அம்மா "இது எந்தக் கடல் மீன்?" என்று கேட்டார். மாமனார் பதில் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து, அத்தனை பேர் முன்னால் வாசல்படியில் உட்கார்ந்து தின்றார். மெதுவாக, முள்ளை எல்லாம் எடுத்து எடுத்து வைத்தார். மணக்குடியில் அவருடைய கூட்டாளி ஒருவர் போயிருந்தார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அந்தக் குடும்பம் போய்விட்டது.

நாங்கள் மீன் குழம்பை மறுபடியும் பெரிய சட்டியில் வைத்தது ஓணம் கழிந்த பிறகுதான். அதுவரை சாம்பாரும் முட்டையும்.

சின்னத்துறை மகன்

அக்கா, உங்கள் மாமனாருக்கு என் வணக்கம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "மீன் தின்ன ஆள் இல்லை" என்று எழுதினீர்கள். ஒக்கியிலும் அதே பேச்சு ஓடியது. கடலுக்குப் போன எங்கள் ஆட்கள் எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாத நேரத்தில், செல்போனில் மீனைப் பற்றித்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் எப்போது எழுந்தது என்று பேசும்போது, அதற்கு மீன் கொண்டுவந்தவன் எழுந்தானா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். 30, 40 நாளுக்கு அரிசியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவ்வளவு தூரத்தில் செல்போனும் எட்டாது, வயர்லெஸும் எட்டாது. புயல் வருகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அந்த ராத்திரி. பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். கரண்ட் இல்லை, பால் இல்லை. அந்தக் கடைக்காரர் விறகு அடுப்பில் கட்டன் சாயா போட்டு, வாளியில் தூக்கிக்கொண்டு வந்து தண்டவாளம் நெடுக ஊற்றிக்கொடுத்தார். எங்கள் தெரு மாமி ஒருத்தி கிளாஸை வாங்கினாள். குடிக்கவில்லை. ஆறிப்போன பிறகும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். "குடி மாமி" என்றேன். "எனக்க மோன் போட்டுல சோறு பொங்குறவன்லா. எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் அவன் தின்னுவான். இன்னைக்கு அவன் தின்னிருப்பானா?" என்று கேட்டாள்.

அவன் வரவில்லை. இப்போதும் எந்தச் சாயாக்கடையில் கிளாஸ் சூடு கையில் பட்டாலும் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

கோட்டாறு முன்னாள் முகவர்

எல்லோருடையதையும் படித்து மனசு கனத்துப்போச்சு. ஒக்கி அடித்தபோது நான் காப்பீட்டு முகவர். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3 வரை. அதை நம்பி ஒரு பேக்கரிக்காரர் பிரிட்ஜ் நிறையச் சரக்கு வாங்கி வைத்திருந்தார். எல்லாம் கெட்டுப்போனது. பாலிசி நான் போட்டுக் கொடுத்ததுதான். கட்டிடத்துக்கும் புயலுக்கும் இருந்தது, குளிர்பெட்டிச் சரக்கு கெட்டால் என்ற பகுதி அதில் இல்லை. "நீங்கதானே அண்ணாச்சி, எல்லாம் இருக்குன்னு சொன்னிய?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதனால் கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சிலது சொல்கிறேன். தீ விபத்துப் பாலிசி என்று பெயர் இருந்தாலும் அதில் புயலும் வெள்ளமும் சாதாரணமாகச் சேர்ந்தே வரும். ஏஜெண்ட் வாய்வார்த்தையை நம்பாமல் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் இருந்து சின்னத் தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு பாலிசி இருக்கிறது, ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை. பிரிட்ஜில் உள்ளது கெட்டுப்போவதற்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். புயல் முடிந்ததும் பெருக்கித் துடைக்கத்தான் கை போகும். முதலில் போட்டோ எடுங்கள், அப்புறம் பெருக்குங்கள்.

இன்னொன்று. கரண்ட் போனால், கதவைத் திறக்காத பிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் இறைச்சியும் பாலும் மீனும் மோந்து பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை, கொட்டிவிட வேண்டும். கிணற்றில் வெள்ளம் கலந்திருந்தால், கலங்கல் தெளிந்த பிறகு 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம், ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் எடுங்கள். தூளை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறக்குங்கள். கஷ்டப்பட்டுத் திறந்த கடையில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தப் பெயர் போகவே போகாது.

குலசேகரம் சாயாக்கடை

அண்ணாச்சி, நல்ல மனசில் சொல்கிறீர்கள். ஆனால் என் கடை வாடகைக் கட்டிடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ், பில் என்று ஒரு தாள் கிடையாது. அப்படியே பாலிசி இருந்தாலும் எனக்குப் போனது எந்தப் பாலிசியிலும் வராது.

எனக்கு வாடிக்கை ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியற்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கு ஒரு சாயா, இரண்டு பேருக்கு ஒரு குற்றிப் புட்டு. ஒக்கியில் ரப்பர் மரமெல்லாம் ஒடிந்தும் சாய்ந்தும் போயின. புதுக்கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷம். என் கடைக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில்கூட உடையவில்லை. ஆறாம் நாள் நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வரை ஒருவர் வரவில்லை. ஏழு மணிக்கு ஒருவர் வந்தார், 20 வருஷமாக என் கடையில் குடிப்பவர். "சாயா வேண்டாம் மக்கா. கேரளாவுக்குக் கட்டிட வேலைக்குப் போறேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பையைக் கீழே வைக்கவே இல்லை.

அருமனை வாழைக்காரன்

குலசேகரத்து அண்ணன் சொன்னதுதான் எனக்கும். நான் அருமனையில் ஓட்டல்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவன். இலைக்கென்றே பாளையங்கோட்டான் வாழை வைத்திருந்தேன். ஒக்கி முடிந்த முதல் வாரம் இலைக்குக் குறைவில்லை, சாய்ந்து கிடந்ததில் கிழியாததைப் பொறுக்கி அறுத்துக் கொடுத்தேன். காசுகூடக் கேட்கவில்லை. அப்புறம் ஒன்றும் இல்லை. ஓட்டல்காரர்கள் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருந்து இலை இறக்கினார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவர்கள் கடையை நடத்த வேண்டாமா.

கடன் வாங்கி மறுபடி கன்று வைத்தேன். அடுத்த வருஷம் முதல் அறுப்பு. நல்ல அகலமான தலைவாழை இலையாகப் பார்த்து ஒரு கட்டுக் கட்டி, மார்த்தாண்டம் பக்கத்தில் எனக்குப் பழைய வாடிக்கையான ஓட்டலுக்குக் கொண்டுபோனேன். பெயிண்ட் அடித்து, புது டேபிள் போட்டு, கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "தட்டுல பேப்பர் இலை போட்டுக் கொடுக்கிறதுக்கு மாறிட்டோம் மக்கா. கூட்டம் தாங்கல, இலை எடுக்க ஆளும் இல்ல" என்றார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்தார். நான் கொண்டுபோன கட்டில் இருந்தே ஒரு இலையை உருவி எனக்குப் போட்டார்கள். சம்பா அரிசிச் சோறு, பருப்பு, அவியல், சாளைக் குழம்பு. சுற்றிலும் எல்லோரும் பேப்பரில் தின்றுகொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் இலை. பாதிச் சோறு இறங்கவில்லை.

மிச்சக் கட்டைத் திரும்பக் கொண்டுவர மனசில்லாமல் பஸ் ஸ்டாண்டில் பூக்காரப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தக்கலைப் பையன்

சின்னத்துறை அண்ணா, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் கடையில் அந்த டிசம்பர் முழுக்க மீன் கிடையாது என்று போர்டு எழுதி வைத்தேன். அந்த வரியை எழுதும்போது அது யார் வீட்டு விஷயம் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை.

அருமனை அண்ணா, நீங்கள் இன்னும் இலை போடுகிறீர்களா? எங்கள் கடையில் காலையும் மதியமும் இலைதான், அப்பா மாற்ற விடவில்லை. இப்போது வடசேரியில் போய் எடுக்கிறோம். தினம் ஒரு கட்டு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. காலை ஐந்தரைக்குள் தக்கலை வந்து சேருமா என்று மட்டும் சொல்லுங்கள்.