சாய்ந்த மரவீட்டை நிமிர்த்தியதைப் பார்த்தேன்

சீனாவின் குய்சோ மாகாணத்தில், லெய்ஷான் பக்கம் மியாவ் இனத்தவரின் மலைக்கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன். பக்கத்து வீடு பள்ளத்துப் பக்கமாக நன்றாகவே சாய்ந்திருந்தது. தியாவ்ஜியாவ்லோவ் என்கிற தூண்கால் வீடு அது. கீழே கால்நடை, நடுவில் ஆட்கள், மேலே தானியம்.

வந்த தச்சர் சாய்வைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து ஒவ்வொரு தூணின் அடியையும் சுத்தியலால் தட்டிக் கேட்டார். தூண்கள் மண்ணில் புதைந்திருக்கவில்லை, கல்லின் மேல் சும்மா நிற்கின்றன. அதனால் ஈரம் ஏறுவது குறைவு. ஆனாலும் ஒரு மூலையில் மழைநீர் தேங்கி, இரண்டு தூண்களின் அடி உளுத்துப்போயிருந்தது. உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே ஃபர் மரத்தில் புதுத்துண்டைப் படிவெட்டிப் பொருத்தினார்கள். அப்புறம் ஆப்புகளைத் தளர்த்தி, கயிறு கட்டி, ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. வீடு நிமிர்ந்ததும் ஆப்புகளை மறுபடி இறுக்கினார்கள்.

இது எப்படி முடிகிறது என்றால், கூரையின் பாரத்தைத் தூண்களே நேராகத் தாங்குகின்றன, பலகைச் சுவர் வெறும் மறைப்புதான். தூண்களைத் துளைத்துப் போகும் குறுக்குச் சட்டங்கள் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கின்றன. ஆணி இல்லாத கழுந்து மூட்டு, அதாவது ஒரு மரத்தின் செதுக்கிய முனையை இன்னொன்றின் துளையில் செருகும் இணைப்பு, கொஞ்சம் அசைந்துகொடுக்கும், ஆனால் சட்டென்று முறியாது.

எனக்குக் கவலை தந்தது வேறு. தரைத்தளத்தில் செங்கல் சுவர் எழுப்பிக் குளியலறை கட்டுகிறார்கள். வசதி வேண்டும்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூணை ஒட்டிச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், கெடுவது வெளியே தெரியாது. சுவருக்கும் தூணுக்கும் நடுவே காற்றுப்போக இடம் விட்டாலே போதும்.

அடுத்தது தீ. ஒட்டி ஒட்டி நிற்கும் மரவீடுகளில் ஒன்று பற்றினால் வரிசையே போய்விடும். 2014 ஜனவரியில் இதே மாகாணத்தின் பாவ்ஜிங் என்ற தொங் இனத்தவரின் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2021 பிப்ரவரியில் யுன்னான் மாகாணத்தில் வெங்திங் என்ற, ‘வா’ இனத்தவர் கிராமத்தின் கூரைவீடுகளும் போயின. மியாவ் வீடு கட்டும் கலை 2006 முதல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெருமையோடு ஒவ்வொரு வீட்டிலும் பழைய மின்கம்பியை மாற்றுவதும் நடக்க வேண்டும்.

தூணடி மாற்றும் வேலையை வேறு ஊர்களில் பார்த்தவர்கள், மூட்டு எப்படி வெட்டினார்கள் என்று எழுதுங்கள்.