வெயிலில் தடம் மாறும் 555 டைமர்: சின்ன சர்க்யூட்டில் துல்லியம் கிடைக்குமா?

வாலாஜாபேட்டையில் நிக்கல் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தொட்டியில் சரியாக 10 நிமிடம் ஆனதும் மணி அடிக்கணும். 555 ஐசி (நேரம் கணக்கிடும் சிப்) காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதிய வெயிலில் ஒரு நிமிடம் கூடிப்போகிறது, பூச்சு தடித்துவிடுகிறது. அதிக ஐசி போட மனசில்லை.

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
தம்பி, குற்றம் 555 மேல் இல்லை, அதோடு நேரத்தை அளக்க மின்னேற்றம் சேர்க்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மேல். சூடேறினால் அதில் கசிவு கூடும், அதனால் நேரம் நீளும். 32,768 ஹெர்ட்ஸ் கடிகாரக் கிரிஸ்டலோடு, அதன் துடிப்பை வகுத்துக் குறைக்கும் சிடி4060 ஐசி போடுங்கள். அதன் க்யூ14 என்ற வெளியீட்டுக் காலில் நொடிக்கு 2 பல்ஸ் (துடிப்பு) வரும். அதை, பல்ஸை எண்ணும் சிடி4040 ஐசிக்குக் கொடுங்கள். 10 நிமிடம் என்றால் 1200 பல்ஸ், அதாவது 1024+128+32+16. 4040-இல் இந்த எண்களுக்கு உரிய கால்கள் க்யூ11, க்யூ8, க்யூ6, க்யூ5 நான்கையும் நாலு டயோடு, ஒரு ரெசிஸ்டர் வைத்து ஆண்ட் கேட்டாக (நான்கிலும் ஒரே நேரத்தில் சிக்னல் வந்தால்தான் மணி அடிக்கும்படி) சேர்த்தால் முடிந்தது. மணி 8 நொடி அடிக்கும். ரீசெட் அழுத்தாவிட்டால், அடிக்கத் தொடங்கிய 32-ஆவது நொடியில் மறுபடி அடிக்கும், பயப்பட வேண்டாம்.

குடியாத்தம் மாணவி:
அண்ணா, ஏடிடைனி13 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராம் எழுதி ஓட்டும் ஐசி) ஒன்றே போதாதா?

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
போதும்மா. ஆனால் அதன் உள் ஆசிலேட்டர் (துடிப்பு உண்டாக்கும் பகுதி) 10% வரை விலகலாம், 10 நிமிடத்தில் ஒரு நிமிடம். தம்பியின் வம்பே அந்த ஒரு நிமிடம்தானே!

வாலாஜாபேட்டை பட்டறைக்காரர்:
அண்ணே, 4040-ஐ மட்டும் ரீசெட் பண்ணினால் போதுமா?

காட்பாடி ரேடியோ மெக்கானிக்:
அதை மட்டும்தான். 4060 ஓடிக்கொண்டே இருக்கட்டும், கிரிஸ்டல் விழிக்க நேரம் பிடிக்கும். பிழை அரை நொடிக்குள் நிற்கும்.